நாலு மணி பேக்கப்

எங்கள் தோட்டத்தில் முனியைப் பார்க்காத ஆள் நான் ஒருத்திதான். என் தம்பி பார்த்திருக்கிறான். பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர் இரண்டு தடவை பார்த்திருக்கிறார், அதில் ஒரு தடவை முனி அவரிடம் நெருப்புப்பெட்டி கேட்டதாம். இதையெல்லாம் கேட்கும்போது எனக்குச் சிரிப்புத்தான் வரும், வாயை மூடிக்கொண்டு சிரிக்கிற பழக்கமும் எனக்குக் கிடையாது, அதனால் சொல்கிறவர்கள் கோபித்துக்கொண்டு எழுந்து போவார்கள். ஆகவே இப்போது நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. உங்கள் இடத்தில் நான் இருந்தால் பாதியிலேயே எழுந்து போயிருப்பேன். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இது நடுராத்திரியில் நடக்கவில்லை, சுடுகாட்டுப் பக்கமும் நடக்கவில்லை. ஹட்டன் டவுனில், ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில், சாயந்தரம் நாலு மணிக்கு, கீழே பஸ்காரர்கள் தலவாக்கலைக்கும் நுவரெலியாவுக்கும் ஆள் கூவிக்கொண்டிருந்த நேரத்தில் நடந்தது.

என் பெயர் கலா. நோர்வூட் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தேன், இன்றும் அதே லயத்து வரிசை வீட்டில்தான் இருக்கிறேன். வேலை மட்டும் ஹட்டனில் ஒரு சின்னக் கம்பெனியில். பார்வையில்லாத பிள்ளைகள் காதால் கேட்டுப் படிப்பதற்காகப் பாடப் புத்தகங்களை வாசித்து ஒலிப்பதிவு செய்து கொடுக்கிற கம்பெனி அது. நடத்துகிறவர் யாழ்ப்பாணத்துக்காரர், இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், எங்களுக்கு எப்போதும் 'சேர்'. வாசிக்கிறவர்கள், ஒலியைச் சுத்தம் செய்கிறவர்கள், நான் என்று ஏழு பேர். எட்டாவது ஆள் மரியதாஸ் அண்ணன். அவருடைய வேலை ஒன்றே ஒன்றுதான், நாங்கள் செய்த வேலை காணாமல் போகாமல் பார்த்துக்கொள்வது.

அந்த ஆபிஸை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு ஒரு மாதிரி ஆகிவிடும். இரண்டே அறை. பலகைத் தரை, நடந்தால் கீழே பேக்கரிக்காரர் அண்ணாந்து பார்த்துத் திட்டுவார். ஸ்டேசன் பக்கத்தில் இருந்ததால் கோச்சி வரும்போது ஜன்னல் கண்ணாடியெல்லாம் நடுங்கும், வாசித்துக்கொண்டிருப்பவர்கள் வசனத்தின் நடுவில் அப்படியே நிறுத்திவிட்டு, கோச்சி போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடர்வார்கள். இது பழகிப் பழகி, கலியாண வீட்டில் பேசிக்கொண்டிருக்கும்போதுகூட எங்கேயாவது கோச்சி கூவினால் எங்கள் ஆட்கள் ஏழு பேரும் ஒரே நேரத்தில் வாயை மூடுவோம். மற்றவர்கள் எங்களைப் பைத்தியங்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

சரியாக நாலு மணிக்கு மரியதாஸ் அண்ணன் தன் மூலையிலிருந்து எழும்புவார். கையில் பிளேன்டீ கோப்பை. முதல் மேசையிலிருந்து ஏழாவது மேசை வரைக்கும் வரிசையாக வருவார். "கைய எடுங்க" என்பார். எல்லாரும் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும். அன்றுவரைக்கும் செய்த வேலை எல்லாவற்றையும் பேக்கப் என்று அவருடைய கறுப்பு மெஷினுக்கு இழுத்துக்கொள்வார். அதோடு விட்டாலாவது பரவாயில்லை. இழுத்ததில் ஏதாவது ஒன்றைத் திறந்து, காதில் மாட்டி, ஒரு வரியாவது கேட்டுவிட்டுத்தான் அடுத்த மேசைக்கு நகர்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏழாவது மேசை, கதவோரம் இருந்த கடைசி மேசை, என்னுடையது. என்னிடம் அவர் வந்து சேர்வதற்குள் என்னுடைய பஸ் போய்விடும். "ஒங்களுக்கு எங்க மேல நம்பிக்க இல்லியா, இல்ல மெஷின் மேல நம்பிக்க இல்லியா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். "ரெண்டு மேலயும் இல்ல புள்ள" என்று சொல்லிவிட்டு நிதானமாகக் காதில் மாட்டிக்கொண்டார். அவருக்கும் எனக்கும் வயதில் ஐந்து வருடம்கூட வித்தியாசம் இருக்காது, ஆனால் அந்தப் 'புள்ள'யை அவர் விடவில்லை.

பிறகு ஊரடங்கு வந்தது. எல்லாரும் லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு அவரவர் தோட்டத்துக்குப் போனோம். இரண்டு கிழமை, பதினாலு நாள் என்றுதான் நினைத்தோம். சேர் யாழ்ப்பாணத்தில் மாட்டிக்கொண்டார். முதல் மாதத்திலேயே மரியதாஸ் அண்ணனுக்குக் காய்ச்சல் என்றார்கள், ஆஸ்பத்திரியில் என்றார்கள், ஒரு காலையில் இல்லை என்றார்கள். யாராலும் போக முடியவில்லை. ஏழு பேரும் ஃபோனில் ஆளுக்கு ஆள் அழுதுகொண்டோம், அவ்வளவுதான். பிறகு ஊர் திறந்த போதும் ஆபிஸ் திறக்கவில்லை. வீட்டிலிருந்தே வேலை நன்றாகத்தான் நடக்கிறது, அறை மட்டும் சாமான் வைக்க இருக்கட்டும் என்று சேர் சொல்லிவிட்டார். நான்தான் ஒருநாள் போய் எல்லாவற்றையும் ஒதுக்கினேன். மரியதாஸ் அண்ணனுடைய கறுப்பு மெஷினின் வயர்களைக் கழற்றி, கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் மழைக்கு இடுப்பில் கட்டுகிற படங்கு ஒன்றை வீட்டிலிருந்து கொண்டுபோய்ச் சுற்றி, கயிறு போட்டு நானே முடிச்சுப் போட்டேன். சேர் சொன்னபடி மெயின் சுவிட்சையும் இறக்கிவிட்டுப் பூட்டினேன். சாவி என்னிடம்தான்.

அவருடைய வேலையும் என்னிடம் வந்தது. பெரிய விஷயமா இது என்றுதான் நினைத்தேன். இன்டர்நெட்டில் கம்பெனிக்கென்று ஒரு இடம் இருந்தது, ஒவ்வொருவரும் நாலு மணிக்கு அன்றைய வேலையை அதில் போட்டுவிட்டு எனக்கு ஒரு மிஸ்கோல் கொடுக்க வேண்டும். நான் பார்த்துவிட்டு ஒரு நோட்டில் பெயருக்கு நேரே சரி போட்டுக்கொள்வேன். எப்படிப் போடுவது என்று ஃபோனிலேயே சொல்லிக் கொடுத்தேன். எல்லாருக்கும் லேசாக இருக்கட்டும் என்று, ஆபிஸ் மூடிய அன்றே ஒவ்வொரு லெப்டொப்பிலும் முன்பக்கத்தில் 'வேலை' என்று ஒரு சின்னப் படம் வைத்துக் கொடுத்திருந்தேன். அதை இழுத்து உள்ளே போடுங்கள், முடிந்தது வேலை என்றேன்.

விஷயம் தெரிந்தவர்கள் இப்போதே தலையில் கைவைத்திருப்பீர்கள். அந்தப் படம் ஃபோல்டர் இல்லை, ஃபோல்டர் இருக்கிற இடத்தைக் காட்டுகிற ஷோர்ட்கட். வீட்டைத் தூக்கி வைப்பதாக நினைத்துக்கொண்டு, வீட்டு வாசலில் மாட்டியிருக்கிற பெயர்ப்பலகையை மட்டும் தினமும் கழற்றிக் கழற்றி அனுப்பிக்கொண்டிருந்தோம். எட்டு மாதம். எங்கள் தோட்டங்களில் சிக்னல் எப்படியென்று உங்களுக்குத் தெரியும், ஒரு ஃபோட்டோ அனுப்ப மரத்தில் ஏற வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு நாள் ஒலிப்பதிவு முழுவதும் கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்ச் சேர்கிறதே என்று ஒருவருக்காவது சந்தேகம் வர வேண்டாமா? வரவில்லை. மாறாக எல்லாருக்கும் ஒரே சந்தோசம். நோர்வூட்டில் புதுக் கோபுரம் போட்டுவிட்டார்கள் என்று ஒருத்தர் சொன்னார், எங்கள் தோட்டத்துக்கும் நல்ல காலம் வந்துவிட்டது என்று நானும் சொன்னேன். பெயர் இருக்கிறதா, தேதி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சரி போட்டேன். ஒன்றையாவது திறந்து ஒரு வரி கேட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். கேட்கவில்லை.

இனி செல்வராணியைப் பற்றிச் சொல்ல வேண்டும், அவள்தான் இந்தக் கதையில் எல்லாம். வாசிக்கிறவர்களில் அவளுக்குத்தான் குரல். விஞ்ஞானப் பாடத்தைக்கூட பக்கத்தில் உட்கார்ந்து ஊர்ப்புதினம் சொல்கிற மாதிரி வாசிப்பாள். பிள்ளைகள் சேருக்கு ஃபோன் போட்டு 'அந்த டீச்சர்' வேண்டும் என்று கேட்பார்களாம். அவள் இருப்பது நோர்வூட்டைத் தாண்டி பொகவந்தலாவைப் பக்கத்தில் ஒரு லயத்தில். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு முடிந்து ஆட்கள் மலைக்குப் போன பிறகுதான் லயம் கொஞ்சம் அடங்கும். அந்த நேரம் பார்த்து, அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்து, தலைக்கு மேல் இரண்டு கம்பளியைப் போர்த்திக்கொண்டு, வேர்க்க வேர்க்க வாசிப்பாள். அப்படி எட்டு மாதத்தில், சோதனை எழுதப் போகிற பிள்ளைகளுக்கு வேண்டிய மூன்று புத்தகங்களை முழுவதுமாக வாசித்து முடித்தாள்.

அவசரமாக முடித்ததற்குக் காரணம் இருந்தது. கழுத்தில் ஒரு கட்டி. கண்டி ஆஸ்பத்திரியில் ஒப்பரேசனுக்கு நாள் கொடுத்திருந்தார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை கடைசிப் பாடத்தை வாசித்துவிட்டு, எனக்கு மிஸ்கோலும் கொடுத்துவிட்டு, மறுநாள் கண்டிக்குப் போனாள். ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது, ஆனால் குரல் போய்விட்டது. காற்றுத்தான் வந்தது. பேச்சு வரும், பழைய குரல் வருமென்று சொல்ல முடியாது என்றார் டொக்டர். அவள் ஆஸ்பத்திரியில் இருந்த அந்தக் கிழமையிலேயே ஒரு மழைக்காற்று வந்து அவள் வீட்டுக் கூரைத் தகரத்தைத் தூக்கிவிட்டது, அலுமாரிக்கு மேல் பத்திரமாக வைத்திருந்த லெப்டொப் ஒரு இரவு முழுக்கத் தண்ணீரில் கிடந்தது. ஹட்டனில் பழுது பார்க்கிற பையன் திறந்து பார்த்துவிட்டு, உள்ளே இருக்கிற டிஸ்க்கும் முடிந்துவிட்டது, ஒன்றும் எடுக்க முடியாது என்றான்.

நான் கொஞ்சம்கூடப் பதறவில்லை. இன்டர்நெட்டில்தான் இன்னொரு கொப்பி இருக்கிறதே என்று செல்வராணியின் புருசனிடம் பெரிய மனுசி மாதிரி ஆறுதல் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து எட்டு மாதத்தில் முதல்தடவையாக அவள் பெயரில் இருந்ததைத் திறந்தேன். ஒன்றும் இல்லை. பெயர்ப்பலகை. முந்தின நாளைத் திறந்தேன், அதுவும் அப்படித்தான். அடுத்த ஆளுடையது, அதற்கடுத்த ஆளுடையது. மற்றவர்களுடைய லெப்டொப்கள் உயிரோடு இருந்ததால் அவர்களுக்கு ஒன்றும் போகவில்லை. போனது இவளுடையது மட்டும். திரும்ப வாசிக்கச் சொல்லலாம் என்றால் வாசிக்கக் குரல் இல்லை.

சேருக்கு மறுநாள் காலையில் ஃபோன் எடுத்து, இன்டர்நெட்டில் போட்டதில் ஒன்றும் இல்லை என்றேன். ஏன் இல்லை என்று சொல்லவில்லை. அவர் "மரியதாஸின்ர மெஷினில பழசு ஏதும் கிடக்கோ எண்டு ஒருக்காப் பாரும் பிள்ளை" என்றார். ஆபிஸ் மூடிய பிறகு வாசித்தது எப்படி அதில் இருக்கும்? இருந்தாலும் கிளம்பினேன். நோர்வூட் பஸ் நிறுத்தத்தில் செல்வராணி நிற்கிறாள், கழுத்தில் ஷோல் சுற்றியபடி. நான் போகிற விஷயத்தைப் புருசனிடம் ஃபோனில் சொல்லியிருந்தேன், அவர் இவளிடம் சொல்லியிருக்கிறார். வராதே, ஓய்வெடு என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை, தலையை ஆட்டிவிட்டு பஸ்ஸில் எனக்கு முன்னால் ஏறிவிட்டாள்.

இரண்டு மணி இருக்கும், ஆபிஸைத் திறந்தோம். பூஞ்சண வாடை. மேசைகள் எல்லாம் நாங்கள் விட்டுப் போன மாதிரியே, என் நாற்காலியில் என்னுடைய பழைய குடை தொங்கிக்கொண்டிருந்தது. செல்வராணி தன் மேசையைக் கையால் தடவித் தடவிப் பார்த்தாள், எனக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது, பிறகு பார்க்கலாம் என்று மெயின் சுவிட்சை ஏற்றினேன். மூலையில் மெஷின் படங்குக்குள் இருந்தது. கயிற்றில் நான் போட்ட முடிச்சு அப்படியே, ஈரத்தில் இறுகிப்போய், பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தேன். வயர்களைப் போட்டுப் பொத்தானை அமுக்கினேன். இருமிக்கொண்டு எழும்பியது. இன்டர்நெட் கிடையாது, வேறு எந்த மெஷினோடும் ஒரு வயர் தொடுப்பும் கிடையாது, நன்றாகக் கவனித்துக்கொள்ளுங்கள்.

அத்தனை மாதம் மின்சாரம் இல்லாமல் கிடந்த பழைய மெஷின் நேரத்தை மறந்துபோயிருக்கும், வழக்கமாக ஏதாவது பழைய தேதியைக் காட்டும். இது அன்றைய தேதியைச் சரியாகக் காட்டியது. மரியதாஸ் அண்ணன் நாளுக்கு ஒரு ஃபோல்டர் வைப்பார், தேதிதான் பெயர். வரிசையைக் கீழே இழுத்தேன். ஊரடங்குக்கு முதல்நாளோடு முடிய வேண்டிய வரிசை முடியவில்லை. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. முந்தின நாள் வரைக்கும் இருந்தது. ஒவ்வொன்றும் நாலு மணி. ஞாயிற்றுக்கிழமைகள் இல்லை, பௌர்ணமிப் போயா நாட்கள் இல்லை, டிசம்பரில் நத்தார் அன்றைக்கும் இல்லை. அந்த நாட்களில் எங்களுக்கு லீவு.

நம்பினால் நம்புங்கள், எனக்குப் பயம் வரவில்லை. அவசரம்தான் வந்தது. செல்வராணி கடைசியாக மிஸ்கோல் கொடுத்த அந்தச் செவ்வாய்க்கிழமையைத் திறந்தேன். உள்ளே எங்கள் பெயர்கள், அவர் வைக்கிற மாதிரியே மேசை வரிசையில் எண் போட்டு. மூன்றாவது செல்வராணி. அதைத் திறந்தால் மூன்று புத்தகம், பாடம் பாடமாக, முழுசு முழுசாக. கடைசியை அமுக்கினேன். 'இனி நாம் மழை எப்படிப் பெய்கிறது என்று பார்ப்போம்' என்று அவள் குரல் அந்த அறையில் கேட்டது. ஒப்பரேசனுக்கு முதல்நாள் குரல். பின்னால் தூரத்தில் அவர்கள் லயத்துச் சேவல். செல்வராணி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். வாய் திறந்து அழுகிறாள், சத்தம் வரவில்லை, மெஷினுக்குள்ளிருந்து அவளே மழையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அந்த ஒரு நிமிசத்துக்காக யார் என்ன செய்திருந்தாலும் கும்பிடலாம் என்று எனக்குத் தோன்றியது.

கொண்டுபோயிருந்த டிஸ்க்கில் கொப்பி எடுக்கத் தொடங்கினேன். பழைய மெஷின், நத்தை மாதிரி நகர்ந்தது. நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். வெளியே மூடுபனி இறங்கி ஜன்னல் வெள்ளையாகிவிட்டது. கீழே பேக்கரியில் பணிஸ் வேகிற வாசனை வந்தது, அது வந்தால் நாலு மணி. கோச்சி கூவியது, ஜன்னல் நடுங்கியது, நான் செல்வராணியிடம் ஏதோ சொல்ல வந்து வாயை மூடிக்கொண்டேன். கோச்சி போய் முடிந்தபோது வரிசையில் புதிதாக ஒரு ஃபோல்டர் இருந்தது. அன்றைய தேதி. நாலு மணி.

நான் தொடவில்லை. செல்வராணியும் தொடவில்லை, அவள் கை இரண்டும் ஷோலுக்குள் இருந்தன. திறந்தேன். ஏழு பெயர். எண்ணினேன், கதவோர மேசை, ஏழாவது, கலா. 'அண்ணே' என்று என்னையறியாமல் வாயில் வந்தது. அறையில் யாரும் இல்லை. யாரோ இருந்த மாதிரியும் இல்லை, பொய் சொல்லக் கூடாது, நிழலும் இல்லை, குளிரும் இல்லை, காலடியும் கேட்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் அந்த மெஷினும்தான்.

அப்போது சேரின் ஃபோன் வந்தது. அறை சின்னது, ஸ்பீக்கரில் போட்டேன்.

"என்ன பிள்ளை, ஏதும் கிடக்கோ?"

"இருக்குதுங்க சேர். செல்வராணியோடது எல்லாமே இருக்குதுங்க. மூணு பொஸ்தகமும்."

அந்தப் பக்கத்தில் அவர் பெருமூச்சு விட்டது கேட்டது. பிறகு கேட்டார்.

"ஆர் எடுத்து வச்சது? ஒண்டும் இல்லையெண்டெல்லோ காலமை சொன்னனீர்?"

இந்த இடத்தைப் பற்றி நான் எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். என்ன சொல்வது? செத்துப்போன மனுசர் எடுத்து வைத்தார் என்றா? அப்படிச் சொன்னால் ஷோர்ட்கட் கதையையும் சொல்ல வேண்டும், எட்டு மாதமாகப் பார்க்காமலே சரி போட்டதையும் சொல்ல வேண்டும். வேலை போகும், அதைவிட மானம் போகும். யோசித்துச் சொன்னேன் என்றுகூடச் சொல்ல முடியாது, வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"நான்தாங்க சேர். ஒரு பாதுகாப்புக்கு இங்கயும் ஒரு கொப்பி எடுத்து வச்சிருந்தேங்க. பதட்டத்துல மறந்து போயிட்டேன்."

"நல்ல வேலை செய்தனீர் பிள்ளை. அந்தப் பிள்ளையளின்ர சோதினை உம்மாலதான் தப்பினது."

ஃபோனை வைத்துவிட்டுத் திரும்பினேன். செல்வராணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேச முடியாதவள் பார்க்கிற பார்வை எப்படியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் மெஷினைப் பார்த்தேன். அன்றைய ஃபோல்டர் திறந்தபடியே இருந்தது. ஆறு பெயர். ஆறோடு நின்றுவிட்டது, என் பெயரைக் காணோம். மூடித் திறந்தேன், ஆறுதான். கொப்பி எடுத்து முடிந்ததும் மெஷினை ஒருதடவை நிறுத்திப் போட்டேன், அப்போதும் ஆறுதான். டிஸ்க்கை ஷோலில் சுற்றி செல்வராணி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள், பூட்டிக்கொண்டு கீழே இறங்கினோம். பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பாடங்கள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. பிள்ளைகள் சோதனை எழுதினார்கள். திங்கட்கிழமை நான் தனியாகப் போய் மெஷினைப் போட்டு, நாலு மணி தாண்டும்வரை காத்திருந்தேன். புதிதாக ஒன்றும் விழவில்லை. அடுத்த கிழமையும் போனேன், நானும் செல்வராணியும் போயிருந்த அந்த வியாழக்கிழமையோடு வரிசை முடிந்திருந்தது. மரியதாஸ் அண்ணன் கோபித்துக்கொண்டார் என்றுதான் நினைத்தேன். யாராக இருந்தாலும் கோபம் வரும். எட்டு மாதம் ஒருநாள் தவறாமல் ஒரு மனுசர் செய்த வேலையை, ஒரு வார்த்தையில் என்னுடையது என்று சொல்லிவிட்டேன், அதுவும் அவருடைய மூலையிலேயே நின்றுகொண்டு. பட்டப்பகலில் அந்தக் காலி அறையில் "அண்ணே, தப்புத்தான்" என்று சத்தமாகச் சொன்னேன். கீழே பேக்கரிக்காரர்தான் யாரோடு பேசுகிறீர்கள் என்று கேட்டார்.

மனசு கேட்காமல், ஒரு வருடம் கழித்து சேர் ஹட்டனுக்கு வந்தபோது உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ஷோர்ட்கட்டையும் சேர்த்துத்தான் சொன்னேன். அவர் சிரித்தார். "உமக்குத் தன்னடக்கம் கூடிப்போச்சு பிள்ளை. செய்த வேலையைச் செய்தனான் எண்டு சொல்லுறதில என்ன வெக்கம்?" என்றார். பொய்யை ஒரே தடவையில் நம்பிய மனுசர் உண்மையை நம்பவே மாட்டேன் என்கிறார். அதற்கு மேல் நான் என்ன செய்ய?

இப்போது நாலு மணிக்கு நான்தான் ஒவ்வொருவருக்கும் ஃபோன் எடுக்கிறேன், ஒவ்வொன்றையும் திறந்து ஒரு வரி கேட்கிறேன். எல்லாருக்கும் என்மேல் எரிச்சல், தெரியும். செல்வராணிக்கு மெல்ல மெல்லக் குரல் வந்துவிட்டது. கரகரப்பான வேறு குரல், வாசிக்க ஆகாது, ஒலி சுத்தம் செய்கிற வேலை பார்க்கிறாள். எல்லாவற்றையும் பேசுவாள், அந்த நாளைப் பற்றி மட்டும் ஒரு சொல் பேசியதில்லை. போன மாதம் அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது நானே கேட்டேன். அன்றைக்கு நான் சேரிடம் பொய் சொன்னதும் என் பெயர் அதிலிருந்து போய்விட்டதே, நீயும் பார்த்தாய்தானே என்றேன். அவள் அடுப்பிலிருந்து திரும்பி என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

"எங்கக்கா போச்சு? மொதல்ல இருந்தே ஆறுதான இருந்துச்சி. அன்னைக்கி நாலு மணிக்கி வந்ததுலயும் ஆறு, அதுக்கு முந்தி தொறந்தோமே செவ்வாக்கெழம, அதுலயும் ஆறு. ஒங்க பேரு எதுலயுமே இல்லியே. ஏன் இல்லன்னு நானும் அப்பவே யோசிச்சேன். நீங்க சேர்கிட்ட நான்தான் எடுத்தேன்னு சொன்னீங்க பாருங்க, அப்பத்தான் வெளங்குச்சி. எடுக்குறவுங்க தன்னோட பேர அதுல போட மாட்டாங்கல்ல. மரியதாஸ் அண்ணனும் அவரு பேரப் போட மாட்டாரே."

டீயை என் கையில் கொடுத்தாள். "சாகுற வரைக்கும் மறக்க மாட்டேங்க்கா" என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் அன்று என்னைப் பார்த்த பார்வை நன்றிப் பார்வை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஏழு என்று நான் எண்ணினேன், சத்தியமாக எண்ணினேன், ஏழாவது கலா. பழைய ஃபோல்டர்களில் மூன்றாவது பெயரை மட்டும்தான் பார்த்தேன், கடைசிவரை எண்ணவில்லை. ஹட்டனுக்குப் போய் மெஷினைப் போட்டால் அவற்றில் என் பெயர் இருக்கிறதா இல்லையா என்று ஐந்து நிமிசத்தில் தெரிந்துவிடும், இல்லையென்றால் எடுத்தது யார் என்பதும். ஒரு மாதமாகப் போகவில்லை, மழை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்த எட்டு மாதமும் தினம் நாலு மணிக்கு நான் நோர்வூட்டில் என் வீட்டில்தான், ஃபோனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மிஸ்கோல் வர வரச் சரி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நன்றாகத்தான் நினைவிருக்கிறது.